ஒரு சதுர அடிக்கு உரியவர்

இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். நிற்கவில்லை. என் கணவர் மயில்சாமி வேலை செய்த மருந்துக் கம்பெனியிலும் ஒன்று கூட நிற்கவில்லை. அதற்காக இரண்டு வருஷம் உழைத்த ஒன்பது பேருக்கும் அவர்களுடைய மேனேஜர் கென்னத் ஆளுக்கொரு சதுர அடி நிலம் பரிசாகக் கொடுத்தார். நிலம் ஸ்காட்லாந்தில் இருந்தது. கென்னத்தின் முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்களாம்.

அன்று மாலை மயில்சாமி ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். தடித்த பழுப்புக் காகிதம். மேலே ஒரு மான்தலை. நடுவில் சாய்ந்த எழுத்தில் அவர் பெயர், அதற்குக் கீழே 'லேர்ட் ஆஃப் கிளென்வாரி'.

"லேர்ட்னா என்ன தாமரை? நீதான் கதையெல்லாம் படிக்கறவ."

எனக்குத் தெரிந்திருந்தது. அல்லது, தெரியும் என்று நினைத்தேன். பத்தாவது படிக்கும்போது தாராபுரம் நூலகத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் கதை கிடைத்தது. முன் அட்டையும் முதல் இருபது பக்கங்களும் இல்லை. எழுதியவர் பெயர், மொழிபெயர்த்தவர் பெயர் இரண்டும் அந்தப் பக்கங்களோடு போயிருந்தன. அதில் ஓரிடத்தில் 'லேர்ட் என்னும் ஜமீன்தார்' என்று வரும். பிறகு புத்தகம் முழுக்க ஜமீன்தார்தான். அவர் குன்றின்மேல் மழையில் நனைந்துகொண்டு நிற்பார், பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். அந்த மழையை எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்து நாலு தடவை படித்திருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்த ஜமீன்தார் குல்லாய் போட்டுக்கொண்டு தானே ஏர் பிடித்து உழுவார். ஜமீன்தார் எதற்கு உழ வேண்டும்? அந்த நாட்டு ஜமீன்தார்கள் ஏழைகள் போலிருக்கிறது என்று நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன்.

"ஜமீன்தார்," என்றேன். "இனிமே நீங்க கிளென்வாரி ஜமீன்தார்."

அவர் சிரித்தார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒரு நிலப் பத்திரம் வீட்டுக்கு வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். என் தாய்மாமன் வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பார்த்ததில்லை, பத்திரம் வந்தால்தானே. நான் விளையாட்டாகத்தான் மஞ்சள் டப்பாவை எடுத்தேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நாலு மூலையிலும் தொட்டு வைத்தேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அதை இரண்டு கையாலும் வாங்கி முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஆறு வயது கயல் எட்டிப் பார்த்தாள். "ஒன் ஃபுட்டா? அப்பா, ஐ கான்ட் ஈவன் லை டவுன் தேர்."

"நிக்கலாமல்ல," என்றார் மயில்சாமி.

அவர் அப்பா நாச்சிமுத்து தாராபுரம் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. வாடகை வீட்டில்தான் பிள்ளைகளை வளர்த்தார். அத்தை இறந்தபிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் கார்டு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, மயில்சாமி அவரிடம் விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கணகணவென்று வந்தது.

"சர்வே நம்பர் போட்டிருக்குதா?"

"பிளாட் நம்பர் இருக்குதுங்ப்பா. பதினெட்டாயிரத்து நானூத்தி ஆறு."

"நாலு பக்கமும் எல்லை?"

"அது போடலீங்க."

"எல்லை போடாம என்னடா பத்திரம்? தெக்க யாரு, வடக்க யாருன்னு தெரிய வேண்டாமா?"

"வடக்க எங்க மேனேஜருங்க. தெக்க ஒரு சீனாக்காரரு."

மாமா சிரித்தார். பிறகு, "நம்ம குடும்பத்துல முதல் நிலம். கசங்காம வை," என்றார்.

அந்த வருஷம் மே மாதம் மயில்சாமி குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆசைப்பட்டு விண்ணப்பிக்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் சிட்டிசனாக இருந்தால்தான் பெற்றோரை இங்கே நிரந்தரமாகக் கூப்பிட்டுக்கொள்ள முடியும். மாமாவுக்கு ஒரு கண்ணில் புரை, சர்க்கரை வேறு. விசிட்டராக ஒரு தடவை வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனார். போய்ப் பூட்டைத் திறந்தபோது வீட்டு ஓனர், மகனுக்குக் கல்யாணம், அடுத்த வருஷத்துக்குள் காலி செய்யுங்கள் என்று சொன்னார்.

விண்ணப்பத்தை மயில்சாமியே நிரப்பினார், அவரே தபாலில் போட்டார். நான் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரியில் இன்டர்வியூ கடிதம் வந்தது. மார்ச் எட்டாம் தேதி, நூவர்க். எதிர் பில்டிங்கில் இருந்த அனந்தராமன் அதற்கு முந்தின வருஷம்தான் சிட்டிசன் ஆகியிருந்தார். பழக்கிவிடுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை மனைவி ஷ்யாமளாவோடு வந்தார். சோபாவில் சாய்ந்து, விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசர் மாதிரி குரலை மாற்றிக் கேட்டார். செனட்டில் எத்தனை பேர், கொடியில் எத்தனை கோடு. மயில்சாமி எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். பக்கத்தைத் திருப்பிய அனந்தராமனின் குரல் பழையபடி ஆனது.

"சார், இது என்ன?"

"எதுங்க?"

"வெளிநாட்டுல பரம்பரைப் பட்டம், பிரபு பதவி ஏதாவது இருக்கான்னு ஒரு கேள்வி. யெஸ் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க. லேர்ட்."

அனந்தராமன் ஷ்யாமளாவைப் பார்த்தார். ஷ்யாமளா என்னைப் பார்த்தாள்.

"சார், இந்தப் பக்கத்துல இருக்கற கேள்விக்கெல்லாம் ஒரே ஆன்சர்தான். நோ. குடிகாரனா, நோ. சூதாடியா, நோ. ராஜாவா, நோ. கண்ணை மூடிட்டு டிக் பண்ணிட்டுப் போகவேண்டியதுதானே."

"கையெழுத்துப் போட்டுக் கொடுக்கற பேப்பருங்க. பொய் சொன்னா கேஸ்னு கீழே போட்டிருக்குது."

"இது பொய்யில்ல சார், கிஃப்ட். நாளைக்கு உங்க மேனேஜர் கிரீடம் வாங்கிக் கொடுத்தா ராஜான்னு எழுதுவீங்களா?"

"பேப்பர்ல பேர் இருக்குதுங்களே. தாமரைதான் சொன்னா, லேர்ட்னா ஜமீன்தார்னு. ஜமீன்தார்னா பரம்பரைப் பட்டம்தானே?"

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். என் கையில் காபி டம்ளர்கள் இருந்தன.

"பட்டம் இருந்தா அதைத் துறக்கணும்," என்றார் அனந்தராமன். "அதுக்கு அவங்க விளக்கம் கேப்பாங்க, பேப்பர் கேப்பாங்க, ஃபைலை ஓரமா வெச்சாலும் வெச்சிருவாங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஸ்பீடிங் டிக்கெட்டுக்கே எட்டு மாசம் இழுத்துது."

எட்டு மாதம். அதற்குப் பிறகு மாமாவுக்கு விண்ணப்பம், அதற்குப் பிறகு காத்திருப்பு. வீட்டு ஓனரின் மகனுக்கு ஆவணியில் முகூர்த்தம். அன்றைக்கு இரண்டு பேரும் போனபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், எப்படிப் போட்டாலும் இடித்தது. எல்லாம் நான் எப்போதோ படித்த ஒரு சொல்லால்.

மறுநாள் கயலைக் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். சரிவான மேஜைமேல் விரித்து வைத்திருந்த பெரிய அகராதியில் அந்தச் சொல்லுக்கு நாலு வரிதான் இருந்தது. அங்கிருந்த பெண்மணி ஸ்காட்லாந்து வழக்கங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கயல் பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருக்க, நான் இரண்டு மணி நேரம் படித்தேன்.

லேர்ட் பிரபு இல்லை. அரசர் கொடுத்த பட்டம் இல்லை. பிரபுக்கள் சபையில் நாற்காலி கிடையாது. நிலம் உள்ளவன், அவ்வளவுதான். அவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் நிலத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெரிய மலைகளும் காடுகளும் வைத்திருந்த லேர்டுகள் இருந்தார்கள். சின்ன வயலை வைத்துக்கொண்டு தாங்களே உழுத லேர்டுகளும் இருந்தார்கள். அவர்கள் கூலியாட்கள் போடுகிற அதே கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வேலை செய்ததால், 'குல்லாய் லேர்ட்' என்று அவர்களுக்கு ஒரு பெயர்.

நான் புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மழை மறுபடியும் பெய்ய ஆரம்பித்தது. குல்லாய் போட்டுக்கொண்டு ஏர் பிடித்தவர் ஜமீன்தாரே இல்லை. சொந்த நிலத்தில் தானே பாடுபடுகிற காட்டுக்காரர். எங்கள் ஊரில் விடிகாலையில் மம்பட்டியோடு போகிற யாரோ ஒருவர். முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போக, நானும் அதை வாங்கி வைத்திருந்து என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன்.

"அம்மா, இஸ் அப்பா இன் ட்ரபிள்?" என்றாள் கயல்.

"இல்ல கண்ணு. அம்மாதான்."

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னாலிருந்து தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் எறும்பு ஊர்வது போல மூன்று வரி. கயலின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் படித்தேன். இது ஒரு நினைவுப் பரிசு, இதனால் எந்தப் பட்டமும் வராது, நிலப் பதிவேட்டில் இந்தத் துண்டு தனியாகப் பதியப்படாது.

பட்டம் இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் நிலமும் இல்லை. கிளென்வாரியில் எங்கோ ஒரு புல்வெளி இருக்கலாம். அதில் பதினெட்டாயிரத்து நானூற்று ஆறாவது சதுர அடி என்று யாரும் மயில்சாமியின் பெயரில் எழுதி வைக்கவில்லை. தாளை மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன்.

அவரிடம் லேர்ட் என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். இன்டர்வியூவில சொல்லி நோன்னு மாத்திக்குங்க."

"அவங்க கேட்டா சொல்றேன்."

"கேக்கலைன்னா?"

"கேப்பாங்க."

மூன்று வரியைப் பற்றி நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமாவிடம் பேசும்போது லேர்ட் விஷயம் வந்தது. நான்தான் விளக்கினேன். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

"இதுக்கா அம்புட்டுப் பெரிய புஸ்தகம் படிச்ச? நம்ம பக்கம் இல்லாததா? நான் அளக்கப் போனா ஒருத்தனும் பேர் சொல்லமாட்டான். 'ஆலாந்தோட்டத்தார் வந்துட்டாருங்களா, மேக்குத்தோட்டத்தாருக்குச் சொல்லி விட்டாச்சுங்களா'ம்பான். ரெக்கார்டுல பேர் எழுதறதுக்கு நான் தனியாக் கேட்டு வாங்கோணும்."

"அந்தப் பேர் பரம்பரையா வருமுங்களா மாமா?"

"பரம்பரையாவது ஒண்ணாவது. தோட்டத்தை வித்தா பேரும் போச்சு. வாங்கினவன் மூணாம் வருசத்துல ஆலாந்தோட்டத்தார் ஆயிருவான். வித்தவனை டவுன்ல எவனுக்கும் தெரியாது." பிறகு, "வீட்டு ஓனரு மறுபடியும் வந்து கேட்டாரம்மா. வைகாசிக்குள்ள காலி பண்ணித் தந்தா வெள்ளையடிக்கலாங்கறாரு," என்றார்.

மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் எட்டாம் தேதி நானும் நூவர்க் வரை போனேன். உள்ளே அவரை மட்டும்தான் கூப்பிட்டார்கள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று அனந்தராமன் சொல்லியிருந்தார். இவருக்குப் பின்னால் போன இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஐம்பது நிமிஷம் கழித்து மயில்சாமி வந்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாமல், கார் வரைக்கும் நடந்தார்.

"என்னாச்சுன்னு சொல்லுங்க."

"ஆரம்பத்துல இருந்து சொல்றேன், இரு."

"ஆரம்பம் வேண்டாம். பாஸா?"

"பாஸ்."

நான் சீட்டில் சாய்ந்தேன். அவர் காரைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்தே சொன்னார்.

ஆபீசர் வயதான அம்மாவாம். சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிலுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தாராம். அந்தக் கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இதற்கு யெஸ் போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், நீங்கள் எந்த ஊர்ப் பிரபு என்று கேட்டாராம்.

"நான் பேப்பரை எடுத்துக் குடுத்தேன். மூலையெல்லாம் பாத்துட்டு, என்ன கறைன்னாங்க. எங்க ஊர்ல நிலப் பத்திரம் வந்தா இப்படி மஞ்சள் வெப்போம்னேன். நீங்களான்னாங்க. எங்க வீட்ல வெச்சாங்கன்னேன்."

"சரி, அப்புறம்?"

"லேர்ட்னா என்னன்னு கேட்டாங்க. நீ சொன்னதைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன். நிலம் இருக்கற வரைக்கும் பேர், நிலம் போனா பேரும் போயிரும், ரத்தத்துல வராதுன்னேன். உங்க ஊர்லயும் அப்படியான்னு ஆச்சரியமாக் கேட்டாங்க. ஆலாந்தோட்டத்தாரைப் பத்தியெல்லாம் சொன்னேன்."

"இன்டர்வியூவில ஆலாந்தோட்டத்தாரா?"

"அவங்களாத்தான் கேட்டாங்க. அப்புறம் கண்ணாடியைப் போட்டுட்டு அடியில இருந்த சின்ன எழுத்தைப் படிச்சாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெதுவாச் சொன்னாங்க. 'மிஸ்டர் மயில்சாமி, இது பட்டம் இல்ல. நான் பாத்தவரைக்கும் இது நிலமும் இல்ல. யெஸ்ஸை அடிச்சு நோன்னு எழுதறேன், பக்கத்துல ஒரு சுருக்கக் கையெழுத்துப் போடுங்க'ன்னாங்க. போட்டேன்."

பார்க்கிங்கில் யாரோ காரைத் தேடிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"அந்தச் சின்ன எழுத்தை நான் போன மாசமே படிச்சேனுங்க," என்றேன். "உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

"நான் வாங்கின அன்னைக்கே படிச்சேன்," என்றார். "ஆபீஸ்லயே."

"அப்புறம் எதுக்கு யெஸ் போட்டீங்க?"

சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தினார்.

"நோ போடத்தான் பேனா எடுத்தேன். நிலம்னு ஒண்ணு என் பேர்ல வந்திருக்குது, ஒரு அடிதான், பொம்மை நிலம்தான். இல்லைன்னு என் கையாலயே எழுதணுமான்னு இருந்துச்சு. ஜமீன்தார்னு வேற நீ சொல்லியிருந்தியா, அதைச் சாக்கா வெச்சுக்கிட்டேன்." பிறகு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பாவோட விஷயம் இதுல இருக்குதுன்னு அப்ப யோசிக்கல. உள்ள உக்காந்திருந்தப்பதான் உறைச்சுது. அந்தம்மா அடிச்சு எழுதினது நல்லதாப் போச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று இரவு, தாராபுரத்தில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து மாமாவைக் கூப்பிட்டோம். பாஸ் என்றதும், "சரி," என்றார். அவர் குரலில் அதற்கு மேல் ஒன்றும் காட்டமாட்டார். சத்தியப் பிரமாணம் முடிந்த மறுநாளே அவருக்கு விண்ணப்பம் போட்டுவிடுவதாகவும், காகிதம் வரும் வரைக்கும் தாராபுரத்திலேயே சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளும்படியும் மயில்சாமி சொன்னார்.

"பாத்து வெச்சாச்சு. ஒரு ரூம்தான், போதும். அந்த அடி என்னாச்சு?"

மயில்சாமி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"அப்பப் பட்டமும் இல்ல. பதிவும் இல்ல."

"இல்லீங்ப்பா."

"காகிதம்?"

"திருப்பிக் குடுத்துட்டாங்க. சாமிகிட்ட வெச்சுட்டோம்."

கணகணவென்ற குரல் யோசித்தது. "பதிவு இல்லைன்னா நிலம் இல்லைன்னு யாரு சொன்னது? நேர்ல போய்ப் பாக்காம எந்தச் சர்வேயரும் எழுதமாட்டான். போன தடவை வர்றப்ப லண்டன்ல ஏழு மணி நேரம் சும்மா உக்கார வெச்சானுங்க. அங்கிருந்து அந்த ஊர் பக்கமா? டேப் என்கிட்ட இருக்குது."

மயில்சாமி ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கயலின் அட்லஸையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு வந்து, தரையில் விரித்து, லண்டன்மேல் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தார். கயல் குனிந்து பார்த்தாள். கிளென்வாரி அந்தப் படத்தில் இல்லை. அது இருக்கக்கூடும் என்று தோன்றிய பச்சை இடத்தில் அவர் விரலை வைத்தார்.

"பக்கம்தானுங்ப்பா," என்று தரையிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னார். "ரெண்டு இஞ்ச்."